விதை கொடுத்த கைக்கும் பங்கு உண்டு!

‘எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்திலிருந்து ஒரு நாட்டுக் கத்தரி விதையைக் காப்பாற்றி வருகிறோம். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் குறையில்லாமல் காய்க்கும். போன மாதம் காரில் வந்த இருவர், ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று ஒரு கைப்பிடி விதை கேட்டார்கள். மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கொடுக்கலாமா? கொடுத்தால் எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?’ என்று மதுரை வண்டியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி அம்மா. கொடுக்கலாம். உரிமையும் உண்டு. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் போனதால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. 1990-களின் நடுப்பகுதி. வைகைக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில், வயதான ஓர் அம்மா தன் வீட்டுக் குலுக்கையில் ஒரு நெல்லை வைத்திருந்தார். கண்மாய் உடைந்து பத்து நாள் தண்ணீர் நின்றாலும் படுக்காத நெல் என்று ஊரில் சொன்னார்கள். பெயர் கேட்டேன். ‘பேரென்ன பேரு... எங்க வீட்டு நெல்லு’ என்றார்.

ஒரு படி நெல்லை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். ‘கொண்டு போறீகளே தம்பி, விளைஞ்சா எங்களுக்கும் சொல்லுவீகளா?’ கட்டாயம் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த நெல்லை அனுப்பும்போது சீட்டில் நான் எழுதியது ‘உள்ளூர் நெல், மதுரை’ என்பது மட்டும்தான். அந்த அம்மாவின் பெயரை எழுதவில்லை. ஊர்ப் பெயரை எழுதவில்லை. தண்ணீரில் படுக்காது என்ற குணத்தைக்கூட எழுதவில்லை. அன்றைக்கு அது எனக்கு ஒரு மாதிரி விதை, அவ்வளவுதான். பல வருடம் கழித்து அந்த ஊருக்குப் போனபோது அந்த அம்மா இல்லை. வயல் மனைகளாகியிருந்தது. குலுக்கையை உடைத்துப் போட்டுவிட்டார்கள். அந்த நெல் எந்தக் கிடங்கில், எந்த எண்ணில் இருக்கிறது என்று இன்று என்னால் காட்ட முடியாது. நாளை யாராவது அதிலிருந்து வெள்ளம் தாங்கும் ரகம் ஒன்றை உருவாக்கினாலும், ‘இது இவர் வீட்டு நெல்’ என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

சட்டம் இருந்தும் பங்கு வராமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் விதையும் மூலிகையும் மனித குலத்தின் பொதுச் சொத்து என்று உலகம் கருதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். 1992-இல் வந்த பல்லுயிர் உடன்படிக்கை இதை மாற்றியது. ஒரு நாட்டின் உயிர் வளத்தின் மீது அந்த நாட்டுக்கே உரிமை. எடுப்பவர் அனுமதி கேட்க வேண்டும். லாபம் வந்தால் பங்கு தர வேண்டும் என்று அது சொன்னது. 2010-இல் ஜப்பானின் நகோயாவில் இதற்கென்றே தனி ஒப்பந்தம் உருவாகி, 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்காக வந்ததுதான் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002. இதன்படி அமைந்த தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் நம் உயிர் வளத்தை எடுக்க இந்த ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். உள்நாட்டு நிறுவனங்கள் வணிகத்துக்காக எடுத்தால் மாநில வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உள்நாட்டு நிறுவனமும் பங்கு தரத்தான் வேண்டும் என்று உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, சித்தா, ஆயுர்வேத மருத்துவர்களுக்கும் சாகுபடி செய்த மூலிகைகளுக்கும் சில விலக்குகள் தரப்பட்டுள்ளன.

எவ்வளவு பங்கு? 2025-இல் வந்த விதிமுறைப்படி, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ள நிறுவனம் பங்கு தர வேண்டியதில்லை. அதற்கு மேல் விற்பனையைப் பொறுத்து 0.2, 0.4, 0.6 சதவீதம் என்று போகிறது. பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் 100 கோடிக்கு விற்றால் 0.4 சதவீதம் என்பது 40 லட்சம் ரூபாய். ஒரு ஊரின் கண்மாய்க் கரையைப் பலப்படுத்தவோ, விதை வங்கி கட்டவோ அது பெரிய பணம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். சாதாரணமாகச் சந்தையில் நெல், கத்தரி, மல்லிகை விற்பதற்கும் வாங்குவதற்கும் இந்தச் சட்டத்தால் எந்தத் தடையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு விதை கொடுப்பதற்கும் தடை இல்லை.

காணி மக்கள் கற்றுத் தந்த பாடம்

பங்கு பகிர்வுக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டும் கதை நம் பொதிகை மலையில் நடந்தது. 1987-இல் அகத்திய மலைக்குப் போன விஞ்ஞானிகளுக்கு, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் களைப்பில்லாமல் மலையேறுவதைப் பார்த்து ஆச்சரியம். அவர்கள் வழியில் ஒரு செடியின் பழத்தைத் தின்றுகொண்டே வந்தார்கள். முதலில் சொல்லத் தயங்கி, பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் பூங்கா அதை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் தனி. இதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அப்போது நம் நாட்டில் பல்லுயிர்ச் சட்டம்கூட வரவில்லை.

ஆனால் பணம் உடனே போய்ச் சேரவில்லை. ஏன்? வாங்கிக்கொள்ள அவர்களுக்குப் பதிவு செய்த ஓர் அமைப்பு இல்லை. 1997-இல் அறக்கட்டளை பதிவானது. 1999-இல்தான் முதல் தொகையாக 5 லட்சத்துக்குச் சற்று மேல் கைக்கு வந்தது. அதற்குள் எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கேட்டுத்தான் முடிவெடுத்தார்களா என்ற மனத்தாங்கலும் எழுந்தது. கொடுக்க ஆள் இருந்தாலும், ஊர் கூடிப் பேசி, பெற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் பங்கு வந்து சேரும்.

அண்மையில் நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல செய்தி உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்கு 2025-இல் தேசிய பல்லுயிர் ஆணையம் 55 லட்சம் ரூபாய் பங்குத் தொகையாக விடுவித்தது. செம்மரத்தைப் பொறுத்தவரை, எந்த நிலத்தில் யார் வளர்த்த மரம் என்பதற்குக் காகிதம் உண்டு. நம் வீட்டுக் கத்தரிக்கு அப்படி என்ன இருக்கிறது?

எழுத்தின் பலத்துக்கு இன்னொரு சாட்சி மஞ்சள். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் காட்டித்தான் நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. ‘எங்கள் பாட்டி பூசினாள்’ என்று வாயால் சொல்லியிருந்தால் மட்டும் போதியிருக்காது.

உங்கள் ஊர்ப் பதிவேட்டில் உங்கள் விதை இருக்கிறதா?

ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் முக்கியமான வேலை. ஊரில் உள்ள பயிர் ரகங்கள், மாட்டினங்கள், மூலிகைகள், அவற்றைப் பற்றிய அறிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வண்டியூர் இப்போது மதுரை மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால், நீங்கள் மாநகராட்சியில் கேட்க வேண்டும். கிராமத்தில் இருப்பவர்கள் ஊராட்சியில் கேளுங்கள்.

2020 ஜனவரிக்குள் பதிவேடுகளை முடிக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தபோது, நாடு முழுவதும் அவசர அவசரமாக எழுதினார்கள். நான் புரட்டிப் பார்த்த சில பதிவேடுகளில் வேம்பு, புங்கன், மயில், காகம் என்று எல்லா ஊருக்கும் பொருந்தும் பட்டியல்தான் இருந்தது. அந்த ஊருக்கே உரிய கத்தரியோ அவரையோ அதில் இல்லை. அதை நிரப்ப வேண்டியவர்கள் நாம்தான்.

பல்லுயிர்ச் சட்டத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைக் காட்டுவேன். அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னால் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, அந்த அறிவிப்பு மக்கள் கையில் பலமான ஆதாரமாக இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. போராடியது மக்கள். ஆனால் காட்டுவதற்குக் காகிதமும் இருந்தது.

விதை கேட்டு வந்தால் செய்ய வேண்டியவை

1. முதலில் நீங்களே எழுதுங்கள். பெயர், எத்தனை தலைமுறையாக இருக்கிறது, எந்த மண், எந்தப் பட்டம், என்ன சிறப்பு என்று ஒரு நோட்டில் எழுதி, செடி, பூ, காய், விதையைத் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். விதையைக் காப்பவர் வீட்டுப் பெண் என்றால் அவர் பெயரிலேயே எழுதுங்கள். பட்டா ஐயா பெயரில் இருந்தாலும், விதை இருப்பது அம்மாவின் சுரைக்குடுவையில்தான்.

2. கேட்பவர் யார், எந்த நிறுவனம், எதற்காக, வேறு யாருக்கும் கொடுப்பார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். உண்மையான ஆராய்ச்சியாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அடையாள அட்டை காட்டத் தயங்குபவருக்கு விதை தர வேண்டாம்.

3. எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் வெளிநாட்டு நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தால், ஆணையத்தின் அனுமதிக் கடிதத்தைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

4. பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு மனு கொடுத்து, உங்கள் ரகத்தைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். கிராமத்தில் கிராம சபையிலும் கேட்கலாம்.

5. ரகம் தனித்தன்மை உள்ளது என்றால், பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைகள் சட்டம், 2001-இன் கீழ் ‘விவசாயிகள் ரகம்’ என்று பதிவு செய்யலாம். தனி ஆளாகவும், ஊராகவும் விண்ணப்பிக்கலாம். விவசாயிக்குக் கட்டணம் இல்லை. பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ, மாவட்ட வேளாண் அலுவலரோ, பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநரோ சான்றளிக்கலாம். மதுரைக்காரர்கள் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் உதவி கேட்கலாம். பதிவான ரகத்துக்கு நெல், காய்கறி போன்ற பயிர்களில் 15 ஆண்டு வரையும், மரப்பயிர்களில் 18 ஆண்டு வரையும் பாதுகாப்பு உண்டு. அதிலிருந்து வேறொருவர் புது ரகம் உருவாக்கினால் பங்கு கோரவும் வழி இருக்கிறது.

வழக்கமாக வரும் இரண்டு கேள்விகள்

‘மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, செடிக்கும் அது போதாதா?’

போதாது. 2013-இல் கிடைத்த புவிசார் குறியீடு ‘மதுரை மல்லி’ என்ற பெயரைக் காக்கிறது. வேறு ஊர்ப் பூவை அந்தப் பெயரில் விற்க முடியாது. செடியின் மரபு வளத்தை எடுத்துப் பொருள் தயாரித்தால் வரும் பங்குக்குப் பல்லுயிர்ச் சட்டமும், ரகத்துக்கு 2001 சட்டமும் தனித்தனியே இருக்கின்றன.

‘கம்பெனி ரகத்தை விதைத்து, அதிலிருந்து விதை எடுத்தால் வழக்குப் போடுவார்களா?’

2001 சட்டத்தின் 39-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் நீங்கள் விளைவித்ததிலிருந்து விதை எடுக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். அந்தக் கம்பெனியின் ரகம் என்று பாக்கெட் போட்டு, முத்திரைப் பெயருடன் மட்டும் விற்கக் கூடாது. 2019-இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குத் தொடுத்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

பூட்டி வைக்க வேண்டாம்

இதையெல்லாம் படித்துவிட்டு, இனி யாருக்கும் விதை தர மாட்டேன் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். பூட்டி வைத்த விதை இரண்டு மூன்று வருடத்தில் முளைப்புத் திறன் இழந்துவிடும். மறைந்த நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டது கொடுத்துக் கொடுத்துத்தான். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். யார் வாங்கினார், எந்த ரகம் என்று எழுதி வைப்பார்கள். பங்கு பகிர்வு என்பது நமக்குப் புதிதல்ல. வாங்கியவர் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கையும், யார் வாங்கினார் என்ற கணக்கும் சேர்ந்ததுதான் அது.

வண்டியூர் அம்மா, அந்த இருவரும் திரும்பி வருவதற்குள் இந்த வார இறுதியிலேயே ஒரு நோட்டு எடுத்து, முதல் பக்கத்தில் உங்கள் மாமியாரின் பெயரை எழுதுங்கள். அடுத்த வரியில் உங்கள் பெயர். அதற்குக் கீழே கத்தரியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த எல்லாம். பிறகு தாராளமாக ஒரு கைப்பிடி கொடுங்கள். அன்று அந்த அம்மாவிடம் நெல் வாங்கியபோது நான் எழுதாமல் விட்டதை, நீங்கள் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள்.