தொகையும் விரியும்: கணினியில் நூல் எழுதுவோருக்கு

சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த திருப்பத்தூரின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர், சில வாரங்களுக்குள்ளேயே தம்முடைய கோப்பு தமக்கே அடங்காமல் பெருகிவிடுவதைக் காண்பார். சம்பந்தரும் அப்பரும் பாடிய பாண்டிநாட்டுத் திருத்தலங்களுள் ஒன்று அது. திருத்தளிநாதர் கோயிலும், வால்மீகி முனிவர் அங்கே தவம் புரிந்ததாகக் கூறும் தலபுராணமும், யோக பைரவர் சந்நிதியும் தனித்தனியே விரிவாக எழுதத் தக்கவை. 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் அவ்வூரில் தூக்கிலிடப்பட்ட கதையோ தனி நூலே ஆகும். இவற்றோடு சுற்றுவட்டாரத்துப் பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாற்றங்குடி முதலிய நகரத்தார் கோயில்களையும் சேர்த்துவிட்டால், இருநூறு முந்நூறு பக்கங்கள் திரண்டுவிடும். அப்பொழுது, பைரவரைப் பற்றி எங்கே எழுதினோம் என்று தேடித் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பதிலேயே பொழுது கழிந்துவிடுகிறது.

இந்தச் சிரமத்துக்குக் காரணம் விஷயத்தின் பெருக்கம் அன்று. தலைப்புக்களை அமைக்கும் முறைதான். நம்மில் பெரும்பாலோர், தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி வரியின் நடுவே நிறுத்துவது என்றே எண்ணியிருக்கிறோம். காகிதத்தில் படிக்கிற கண்ணுக்கு அது போதும். ஆனால் கணினிக்கு அது பெரிய எழுத்தில் அமைந்த மற்றொரு வரியே அன்றி வேறில்லை. இன்ன வரி தலைப்பு, அதற்குக் கீழ் வருவதெல்லாம் அதன் பரிவாரம் என்னும் உறவை அது அறியாது. அவ்வுறவை அறிவிப்பதற்கென்றே வேர்ட் செயலியில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று ஒன்பது படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ‘திருத்தளிநாதர் கோயில்’ என்பதற்கு முதற்படியையும், அதனுள் அடங்கும் ‘தலபுராணம்’, ‘யோக பைரவர்’ என்பவற்றுக்கு இரண்டாம் படியையும் கொடுத்துவிட்டால், எது எதற்குள் அடங்கியது என்பது கணினிக்கும் விளங்கிவிடும்.

விளங்கிய பிறகு உண்டாகும் அநுகூலங்கள் பல. தலைப்பின் இடப்புறத்தே தோன்றும் சிறு முக்கோணத்தைச் சொடுக்கினால், அதன்கீழ் உள்ள பத்திகளும் உட்தலைப்புக்களும் மறைந்து தலைப்பு மாத்திரம் நிற்கும். மறுபடி சொடுக்கினால் அனைத்தும் விரியும். சாதாரணப் பக்கத் தோற்றத்திலேயே இவ்வாறு மடக்கும் வசதி வேர்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே ‘அவுட்லைன்’ என்னும் தனித் தோற்றத்தில் இவ்வசதி இருந்தது. அத்தோற்றத்திலே முதற்படித் தலைப்புக்களை மட்டும் காட்டு என்று கட்டளையிட்டால், முந்நூறு பக்க நூல் பத்து வரிகளாக ஒடுங்கி நம் முன் நிற்கும். மருது சகோதரர்களுக்குரிய பகுதி கோயிலுக்கு முன்பு வரவேண்டும் என்று தோன்றினால், ஆல்ட், ஷிப்ட் விசைகளை அழுத்திக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்டினால் போதும். மடங்கியிருக்கும் அத்தியாயம் முழுவதும் தன் தலைப்போடு சேர்ந்தே இடம்பெயரும்.

இதை மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் விஞ்ஞானி, கடையில் வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றை இனம் இனமாகப் பிரித்து, திரையில் சுருக்கியும் விரித்தும் காட்டியபொழுது சபையோர் வியந்தது உண்மையே. ஆயினும் இவ்வகைச் சிந்தனையின் பூரண வடிவம் நம் சைவ இலக்கியத்தில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நிறைவேறியிருக்கிறது. சுந்தரர் பதினொரு பாடல்களில் அடியார்களின் பெயர்களைத் தொகுத்துத் திருத்தொண்டத்தொகை பாடினார். நம்பியாண்டார் நம்பி அதனை வகுத்து அந்தாதியாக்கினார். சேக்கிழார் அதையே நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களில் பெரியபுராணமாக விரித்தார். தொகை, வகை, விரி என்று பெரியோர் இம்மூன்றையும் வரிசைப்படுத்துவர். சேக்கிழார் தம் காப்பியத்தின் பதின்மூன்று சருக்கங்களில் முதலும் கடைசியும் நீங்கலாக எஞ்சிய பதினொன்றுக்கும், சுந்தரருடைய பதினொரு பாடல்களின் தொடக்கங்களையே பெயராக வைத்தார் என்பதை நினைக்குந்தோறும், ஒரு பெருநூலின் எலும்புக்கூட்டை அவர் எவ்வளவு தெளிவாக மனக்கண்ணால் கண்டிருக்கவேண்டும் என்ற ஆச்சரியம் எழுகிறது. சருக்கப் பெயர்களை மட்டும் படித்தால் தொகை கிடைக்கிறது. உள்ளே புகுந்தால் விரி கிடைக்கிறது.

ஒன்பது படிகள் இருக்கின்றன என்பதற்காக ஒன்பதையும் உபயோகிக்க வேண்டுவதில்லை. தொல்காப்பியத்துக்கே அதிகாரம், இயல், நூற்பா என்ற மூன்று படிகள் போதுமாயிருந்தன. மூன்று அதிகாரம், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல் என்று அது நிற்கிறது. ஊர்ச் சரித்திரத்துக்கு மூன்றுக்கு மேற்பட்டால் எழுதுகிறவருக்கே குழப்பம் உண்டாகும் என்பது என் அபிப்பிராயம்.

எச்சரிக்கையாக இருக்கவேண்டிய விஷயங்களும் உண்டு. மடங்கிய தலைப்பை அழித்தால், கண்ணுக்குத் தெரியாமல் அதனுள் இருக்கும் பக்கங்களும் அதனோடு போய்விடும். அச்சுக்கோ பிறருக்கோ அனுப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் விரித்துப் பார்த்துவிடுவதே முறை. தமிழ்த் தலைப்பின் எழுத்துருவும் அளவும் பொருந்தாமல் தோன்றினால், ஒவ்வொரு தலைப்பையும் தனியே திருத்த முற்படாமல், அந்தப் படிக்குரிய ‘ஸ்டைல்’ அமைப்பை ஒரே ஒரு தடவை மாற்றிவிடவேண்டும். அந்தப் படியில் உள்ள தலைப்புக்கள் அனைத்தும் தாமாகவே மாறிவிடும். பொருளடக்கத்தையும் இத்தலைப்புக்களிலிருந்து கணினியே தொகுத்துத் தரும். பக்கங்கள் மாறினால், புதுப்பிக்கச் சொன்ன மாத்திரத்தில் எண்களையும் திருத்திக்கொள்ளும்.

குடமுழுக்கு மலரும் மணிவிழா மலரும் குடும்ப சரித்திரமும் செட்டிநாட்டு ஊர்களில் இன்றும் சிரத்தையோடு எழுதப்படுகின்றன. அவற்றைத் தொகுக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: பாதி எழுதிய கோப்பு உங்களிடம் இருக்குமானால், அடுத்த பத்தியை எழுதுவதற்கு முன் அதிலுள்ள தலைப்புக்களுக்குப் படி கொடுத்து, அனைத்தையும் மடக்கி ஒருமுறை வாசித்துப் பாருங்கள், டி.டி.பி. கடையில் கொடுக்கும்பொழுதும் அந்தப் படிகளை அப்படியே காக்கும்படி சொல்லுங்கள்.