கட்டுச்சோறும் மருந்துப் பையும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் யமன் நாட்டவர் சிலர், வழிக்கு வேண்டிய உணவு எதனையும் கட்டிக்கொள்ளாமலேயே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வருவார்கள். இறைவனையே நம்பி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் கூறிய காரணம். ஆனால் மக்காவை அடைந்ததும் பிறரிடம் கையேந்தி நிற்பார்கள். இந்நிலையிலேதான், பயணத்திற்கு வேண்டியவற்றைத் தயார் செய்துகொள்ள வேண்டும், அவற்றுள் சிறந்தது இறையச்சமே என்னும் கருத்துடைய திருவசனம் (2:197) அருளப்பெற்றது. இதனை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் வாயிலாக ஸஹீஹுல் புகாரி நமக்கு அறிவிக்கிறது.

இன்றைய ஹாஜிக்குக் கட்டுச்சோறு தேவையில்லை. மக்காவிலும் மதீனாவிலும் உணவு தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் சர்க்கரை நோயும், இரத்த அழுத்தமும், இதய நோயும், மூட்டுவலியும் நம்முடன் விமானம் ஏறுகின்றன. வாழ்நாளெல்லாம் சேமித்து முதிய வயதில் பயணம் மேற்கொள்வோரே நம்மில் பலர். அத்தகையோருக்கு மருந்தே இன்றைய கட்டுச்சோறு. அதை விட்டுச் செல்வதும் தவறு. முறையறியாது எடுத்துச் செல்வதும் தவறு.

முன்னாளில் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலில் சென்றார்கள். அதில் மருத்துவர் இருந்தார், நாட்களும் இருந்தன. 1995ஆம் ஆண்டோடு அக்கடற்பயணம் முடிவுற்றது. இன்று சில மணி நேரத்தில் விமானம் நம்மை அந்நாட்டுச் சுங்க அதிகாரியின் முன் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. எனவே விசாரித்து அறிய வேண்டியவற்றை வீட்டில் இருக்கும்போதே அறிந்துகொள்ள வேண்டும்.

மருந்தை விடுவது தவக்குல் ஆகுமா?

புனித பூமியை மிதித்துவிட்டால் மாத்திரை எதற்கு, ஜம்ஜம் நீர் போதாதா என்று எண்ணும் பெரியவர்கள் உண்டு. அவர்களின் ஈமானின் உறுதியை நாம் மதிக்கிறோம். ஜம்ஜமின் பரக்கத்தில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், நோயைத் தந்த இறைவன் அதற்கான நிவாரணத்தையும் தந்திருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்று கற்பித்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே அன்றோ! இரத்தம் குத்தி எடுக்கும் சிகிச்சையைத் தாமே செய்துகொண்டவர்களும் அவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று திர்மிதியில் வரும் அறிவிப்பும் நாம் அறிந்ததே. மருந்தை உட்கொள்வது ஒட்டகத்தைக் கட்டுவதற்கு ஒப்பாகும். ஜம்ஜமை அருந்துவோம், அதனுடனேயே மாத்திரையையும் விழுங்குவோம்.

திடீரென்று மருந்தை நிறுத்துவதால் விளையும் கேடு சிறிதன்று. வலிப்பு நோய்க்கான மாத்திரையை நிறுத்தினால், பல ஆண்டுகள் வராதிருந்த வலிப்பும் திரும்பக்கூடும். இரத்த அழுத்த மருந்துகள் சிலவற்றை நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் மிகுதியாக ஏறும். இன்சுலினை விட்டவர் சில நாட்களிலேயே மயங்கி விழலாம். ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழுமுறை நடந்தால் மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேலாகிறது. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது, ஜூன் 17 அன்று, மக்காவின் புனிதப் பள்ளிவாசலில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியசாகப் பதிவாயிற்று. அவ்வாண்டு 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமுமின்றி வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். முதியோரும் நாட்பட்ட நோயுடையோரும் அவர்களுள் இருந்தனர். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்ற இறைக்கட்டளையை (2:195) இங்கே நினைவு கூர்தல் தகும்.

நம்மூர் மருந்து, அந்நாட்டுச் சட்டம்

இனி இரண்டாவது தவறு. நம்மூரில் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சாதாரண மருந்தொன்று, கடல் கடந்ததும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளாகிவிடக்கூடும். இருமலுக்கான மருந்துகள் சிலவற்றில் கோடீன் இருக்கிறது. கடுமையான மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் டிரமடால் தரப்படுகிறது. சர்க்கரை நோயால் கால் எரிச்சல் உடையவருக்குப் பிரிகாபலின் எழுதப்படுகிறது. உறக்கமின்மைக்கும் மனக்கலக்கத்திற்கும் அல்பிரசோலம், டயஸிபம், வலிப்புக்குக் குளோனசிபம். இவை யாவும் சவூதி அரேபியாவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நம் நாட்டிலேயே டிரமடால் 2018ஆம் ஆண்டு முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. போதைப்பொருள் கடத்துவோருக்குச் சவூதியில் மரண தண்டனை வரை உண்டு என்பதையும் மறத்தலாகாது.

ஆயின் நோயாளியை அந்நாடு கைவிடுகிறதா? இல்லை. மனநிலையைப் பாதிக்கும் மருந்துகள் பற்றிய 1971ஆம் ஆண்டு உலக உடன்படிக்கை, பயணி தன் சொந்தத் தேவைக்குச் சிறிய அளவில் அவற்றை எடுத்துச் செல்ல நாடுகள் இடமளிக்கலாம் என்கிறது; ஆனால் நிபந்தனைகளை அந்தந்த நாடே வகுக்கும். சவூதி உணவு மருந்து ஆணையம் இதற்கென மின்னணு வழியில் விண்ணப்பம் பெற்று அனுமதி வழங்குகிறது. கடவுச்சீட்டின் நகல், மருத்துவரின் சீட்டு அல்லது நோய் பற்றிய அறிக்கை, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைப் புறப்படும் முன்பே செலுத்தி அனுமதி பெற வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இவ்வகை மருந்துகளை 30 நாள் தேவைக்கோ, தங்கும் காலத்திற்கோ, இரண்டில் எது குறைவோ அந்த அளவிற்கே கொண்டுசெல்ல முடியும். ஹஜ் கமிட்டி வாயிலாகச் செல்வோர் பலர் ஏறத்தாழ 40 நாட்கள் தங்குகிறார்கள். எஞ்சிய நாட்களுக்கு என்ன செய்வது? மாற்று மருந்து உண்டா என்று நம் மருத்துவரிடம் முன்னரே கேட்கலாம். அங்கே சென்றபின், மக்காவிலும் மதீனாவிலும் இந்திய ஹாஜிகளுக்கென இயங்கும் இந்திய மருத்துவக் குழுவினரைத் தொடக்கத்திலேயே அணுகி, நிலைமையை எடுத்துரைக்கலாம். மருந்து தீரும் நாள்வரை காத்திருப்பது அறிவுடைமையன்று.

உம்ராவுக்கும் இது பொருந்தும். பிள்ளைகளைக் காண வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ செல்லும் பெற்றோருக்கும் பொருந்தும். ஐக்கிய அரபு அமீரகமும் சிங்கப்பூரும் இத்தகைய மருந்துகளுக்கு முன்கூட்டியே அனுமதி கோருகின்றன. ஒரு நாட்டின் விதி மற்றொரு நாட்டுக்கு உதவாது. செல்லும் நாட்டின் விதியை அந்நாட்டு அரசின் அறிவிப்பிலிருந்தே அறிய வேண்டும். அண்டை வீட்டாரின் அனுபவத்திலிருந்து அன்று. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருமறை (5:1) பணிக்கிறது. விசா பெற்று ஒரு நாட்டில் நுழைவதும், அதன் சட்டத்தை மதிப்பதாக நாம் செய்யும் ஓர் ஒப்பந்தமே.

அடுத்தவர் தந்த பொட்டலம்

மூன்றாவது தவறு, இரக்கத்தால் விளைவது. “என் மகன் ஜித்தாவில் இருக்கிறான், இந்த மாத்திரையை மட்டும் கொடுத்துவிடுங்கள், காக்கா” என்று ஒருவர் கேட்டால் மறுக்க நமக்கு நா எழுவதில்லை. ஆனால் அனுமதி என்பது நோயாளிக்கே உரியது. அவர் பெயரிலுள்ள மருந்து மற்றொருவர் பையில் இருக்க இடமில்லை. 2017ஆம் ஆண்டு எகிப்துக்குச் சென்ற பிரிட்டிஷ் பெண்மணி ஒருவர், அங்கிருந்த துணைவரின் முதுகுவலிக்காக 290 டிரமடால் மாத்திரைகளைக் கொண்டுசென்றார். அவை பிறர் கொடுத்தவை. அவர் பெயரில் மருந்துச் சீட்டு இல்லை. அது தடைசெய்யப்பட்டது என்று அறியேன் என அவர் கூறியும், மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நல்ல எண்ணம் மறுமையில் துணை நிற்கும். சுங்கச் சாவடியில் எழுத்து மட்டுமே துணை நிற்கும்.

அமானிதம் பேணுதல் நம் கடமை. ஆனால் இன்னதென்று தெரியாத பொருளை ஏற்பது அமானிதம் ஆகாது. உள்ளிருப்பது யாதென்று பிரித்துப் பார்க்க உரிமையில்லாத எதனையும் பணிவோடு மறுத்துவிட வேண்டும். மறுப்பவரைக் கோபித்துக்கொள்ளாதிருப்பது கேட்பவரின் கடமை.

அடுக்களையும் இதில் அடங்கும். குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. சவூதியிலும் அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்டது. மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் இடர்தான். சித்த, யூனானி மருந்து உண்போரும் கவனிக்க வேண்டும். நாட்டு மருந்துகள் சிலவற்றில் கஞ்சாவோ அபினியோ சேர்ப்பது நம் சட்டப்படி செல்லும், அங்கே செல்லாது. சேர்மானம் அச்சிடப்படாத லேகியமும், தாளில் மடித்த பொடியும் ஐயத்தையே வளர்க்கும்.

பையில் வைக்க வேண்டியவை

மருந்துகளைக் கடை அட்டையிலும் அசல் பெட்டியிலுமே வைத்திருத்தல் வேண்டும். இடம் குறையுமென்று எல்லா மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் கொட்டினால், எது எதுவென்று நம்மாலேயே சொல்ல இயலாது. மருத்துவரிடம் ஆங்கிலத்தில் தட்டெழுதிய கடிதம் ஒன்று பெறுக. அதில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், நோய், மருந்து, வேளை, அளவு ஆகியவை இருக்கட்டும். நம் நாட்டு வணிகப் பெயர் அங்குள்ள மருந்தாளுநருக்குத் தெரியாது. ஆகவே மருந்தின் பொதுப்பெயரும் எழுதப்பட வேண்டும். நகல்கள் எடுத்து, ஒன்றைத் துணைவரிடமும் ஒன்றை ஊரிலுள்ள பிள்ளையிடமும் கொடுத்துவைப்பது நன்று.

அன்றாட மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கட்டும். சரக்கறையில் போடும் பெட்டி தாமதமாகலாம். இன்சுலின் அங்கே உறைந்துபோகவும் கூடும். உறைந்த இன்சுலின் பயன்படாது. பிரிக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பிரித்தபின் பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் சுமார் 28 நாட்கள் தாங்கும். ஆனால் மினாவின் வெயில் அந்த அளவைத் தாண்டிவிடும். ஆதலால் குளிர்காக்கும் பை ஒன்று வேண்டும். பனிக்கட்டி நேரே மருந்தில் படலாகாது.

சவூதியின் நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. வேளை மருந்தை எந்நேரத்திற்கு மாற்றுவது என்பதையும் கேட்டறிக. தவாபுக்குத் தடை நேராதிருக்க மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை நாடும் சகோதரிகள், தோழியர் சொற்படி அன்றி மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். இரத்தம் உறையும் கோளாறு உடையோருக்கு அது ஆபத்தாகலாம்.

அந்த ஐந்து நாட்கள்

துல்ஹஜ் பிறை 8 முதல் மினா, அரஃபா, முஸ்தலிஃபா என்று இடம் பெயரும் நாட்களே சோதனை மிக்கவை. பெரிய பெட்டி மக்கா அறையிலேயே தங்கிவிடும். இஹ்ராம் உடையில் பையும் இல்லை. ஆகவே அந்நாட்களுக்கான மருந்தைத் தனியே பிரித்து, சீட்டின் நகலுடன் இடைக்கச்சையிலோ தோள்பையிலோ வைத்துக்கொள்ளல் வேண்டும். முஸ்தலிஃபாவில் திறந்த வெளியில் இரவைக் கழிக்கும்போதும், பேருந்து நெரிசலில் நிற்கும்போதும் உணவு தாமதமாகலாம். சர்க்கரை நோயாளியிடம் இரண்டு பேரீச்சம்பழமேனும் இருந்தால் தாழ்நிலை மயக்கத்தைத் தடுக்கலாம்.

ஹஜ் ஒரு முறையே கடமை. அதுவும் சென்றுவர இயன்றவருக்கே கடமை. அந்த இயலுமையில் உடல்நலமும் அடங்கும் என்பர் மார்க்க அறிஞர். இயலுமையைத் தந்தவன் இறைவன்; அதைக் காத்துக்கொள்வது நம் பொறுப்பு. இவ்வாண்டு பயணம் செல்லும் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ பெட்டி கட்டும் பிள்ளைகள், துணிமணிகளை மடிப்பதற்கு முன் மருந்துச் சீட்டைக் கையில் எடுக்கட்டும். புனிதப் பயணம் மேற்கொள்வோர் யாவரும் அமல்களை நிறைவாக முடித்து, நலத்தோடு இல்லம் திரும்ப வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.