காபரேற்றரைத் தொடமுன்

பழைய பெற்றோல் லொறி விவசாயக் குடும்பத்துக்கு வெறும் வாகனமல்ல. மரக்கறி சந்தைக்குப் போவதும் உரம் தோட்டத்துக்கு வருவதும் அதில்தான். இடம்பெயர்ந்து மீண்டும் தொழில் தொடங்குவோருக்கு அதுவே முதல். அந்த லொறி கரும்புகை கக்கினால், நமது உழைப்பில் ஒரு பங்கு புகையாகப் போகிறது.

1990க்குப் பின் வடக்கிற்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாம் அறிவோம். சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்கம் குறைந்த எஞ்சின்கள் என்பதால் அது இயன்றது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. அப்படி ஓடிய எஞ்சினில் ஜெற் மாற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து போகக்கூடிய பஞ்சிகாவத்தை, வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன இடம். அங்கே போய் வேறு காபரேற்றர் வாங்குமுன் இருப்பதைச் சரிபார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டியவை

காற்று வடிகட்டி அடைபட்டாலே கரும்புகை வரும். பிளக், பொயின்ற், வால்வு இடைவெளி பிழைத்திருந்தால் எந்தத் திருகாணியும் அதைத் திருத்தாது. காபரேற்றரின் அடிக் காஸ்கற்றில் காற்றுக் கசிந்தாலும் ஓட்டம் நிலைக்காது. அடைத்த ஜெற்றைக் கம்பியால் குத்தக்கூடாது, துளை பெரிதாகிவிடும். காற்றடித்தே சுத்தஞ் செய்ய வேண்டும்.

திருத்தும் முறை

செனித் போன்ற காபரேற்றர்களில், எஞ்சினை நிறுத்திவிட்டுக் கலவைத் திருகாணியை மெல்ல இறுக்குங்கள். முட்டியதும் ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பின் திறந்த வெளியில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சோக்கை முழுதும் விடுங்கள். கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, ஓட்டம் எங்கே விரைவாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். சிலவற்றில் உள்ளே திருப்பினால் பெற்றோல் கூடும், சிலவற்றில் குறையும். ஆகவே காதை நம்புங்கள். அதன்பின் வேகத் திருகாணியால் ஓட்டத்தைக் குறையுங்கள். எஸ்.யூ. வகையில் அடியிலுள்ள நட்டே கலவையை மாற்றும்.

செனித் வகையில் இத்திருகாணி, லொறி நின்றபடி ஓடும் ஓட்டத்தையே ஆளும். சுமையோடு ஓடும்போது பெற்றோலின் அளவைத் தீர்மானிப்பது ஜெற். ஆகவே சுமையேற்றிச் சில மைல் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண்ணிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். வெளுத்திருந்தால் பெற்றோல் போதாது. மிச்சம் பிடிப்பதாக எண்ணி அப்படியே ஓட்டினால் வால்வு கருகும். மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவாகும்.