மூணாற்றில் ஒரு தேயிலை அருங்காட்சியகம்

கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இடுக்கி மலைகளுக்கு ஏறிச் சென்றுள்ளன. அவர்தம் உழைப்பால் வளர்ந்த தொழிலின் வரலாற்றை, மூணாற்றை அடுத்த நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் எடுத்துரைக்கின்றது. 1905-ஆம் ஆண்டைச் சேர்ந்த இலை உருட்டும் இயந்திரமும், நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-இல் செய்யப்பட்ட சூரியக் கடிகாரமும் இங்குள்ளன. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றும் உண்டு. அந்த ரயில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டு சென்ற தேயிலை, கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பாதை அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை.

இரும்பைப் பாதுகாத்தல் எளிது. கொழுந்து கிள்ளியோரின் நினைவுகளோ பெரும்பாலும் எழுத்தில் ஏறாதவை. லயங்களில் வாழும் முதியோரிடமே உள்ளவை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள் நிலச்சரிவில் புதைந்தபோது, 70 உயிர்களுடன் அத்தகைய நினைவுகளும் மறைந்தன.