மரபணுவைத் திருத்தலாமா?

பெற்றோரின் சாயலை மட்டுமன்றிச் சில நோய்களையும் நமக்கு வழிவழியாகக் கொண்டு வருவது மரபணு. அதனை வெட்டித் திருத்தும் 'கிரிஸ்பர்' முறையைக் கண்ட ஷார்பென்டியே, டௌட்னா என்னும் இரு பெண்மணிகள் 2020ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். நமக்கெல்லாம் பெருமையன்றோ!

இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து தாங்கொணா வலி தரும் பரம்பரை நோய் ஒன்றுண்டு. நோயாளியின் இரத்த மூல செல்களை எடுத்துத் திருத்தி, அவருக்கே செலுத்தும் சிகிச்சையைப் பிரிட்டன் 2023இல் அனுமதித்தது. இத்திருத்தம் அவரோடு முடிகிறது. அவரது சம்மதமும் உண்டு.

ஆனால் 2018இல் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய், எய்ட்ஸ் கிருமி தொற்றாதிருக்கவென்று கருவிலேயே மரபணுவைத் திருத்தியதாகவும், இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாகவும் அறிவித்தார். உலகமே கண்டித்தது. 2019இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஏனெனில், கருவில் செய்யும் மாற்றம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் தொடரக்கூடும். அவர்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

நோய் தீர்க்கவென்றால் மக்களில் பலர் ஏற்பர். அழகுக்கும் அறிவுக்கும் என்றால் தயங்குவர். அத்தயக்கம் நியாயமானதே. நம் பெற்றோர் நம்மைப் பொறுக்கியெடுத்தா பெற்றார்கள்? வந்தபடியே வாரி அணைத்தார்கள். நோயாளியைக் குணமாக்குவோம், பிறக்கப்போகும் குழந்தையை நம் விருப்பப்படி வார்க்க வேண்டாம்.