பின்னால டிரெய்லர் மாட்டினா தனி லைசென்ஸ் வேணுமா?
மன்னார்புரம் டிரைவர்களின் கேள்விக்கு சட்டம் சொல்லும் பதில்!

திருச்சி,
மன்னார்புரம் ரவுண்டானா வழியாகச் செல்லும் டிராக்டர் டிரைவர்களுக்கு ஒரு சந்தேகம். "டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் இருக்கு. பின்னால டிரெய்லரை மாட்டினா அது போதுமா?"

'போதும்' என்று சுப்ரீம் கோர்ட்டு 2001-லேயே கூறிவிட்டது. நாகஷெட்டி வழக்கில், "டிரைவரிடம் டிராக்டர் லைசென்ஸ்தான் இருந்தது" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதாடியது. கோர்ட்டு அதை ஏற்கவில்லை. டிரெய்லர் மாட்டியதாலேயே செல்லுபடியான லைசென்ஸ் செல்லாமல் போய்விடாது என்று தீர்ப்பளித்தது. மற்ற மோட்டார் வண்டிகளுக்கும் இதே விதிதான். காருக்குப் பின்னால் சுற்றுலா கேரவனை இழுப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

எடைதான் கணக்கு!

மோட்டார் வாகனச் சட்டப்படி இலகு ரக வண்டிக்கு வரம்பு 7,500 கிலோ. டிராக்டருக்கு வெறும் வண்டியின் எடை. சரக்கு வண்டிக்கு பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை. இந்த வரம்புக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்ட இலகு ரக லைசென்சே போதும் என்று 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு 6-11-2024 அன்று உறுதி செய்தது.

வரம்பைத் தாண்டிய லாரி, நீள டிரெய்லர் என்றால் கதை வேறு. போக்குவரத்து வாகன லைசென்ஸ் கட்டாயம். வயது 20 ஆகியிருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆன பிறகுதான் அதற்கு எல்.எல்.ஆர். கிடைக்கும்.

இங்கிலாந்திலும் கார் லைசென்ஸ் உள்ளவர்கள் 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வு தேவையில்லை என்று 2021 டிசம்பரில் விதியைத் தளர்த்தினார்கள்.

ஓனர்களே, உஷார்!

லைசென்ஸ் சரியாக இருந்தால் மட்டும் போதாது. டிரெய்லருக்கும் பதிவு எண் உண்டு. இழுக்கும் வண்டியின் நம்பரையும் டிரெய்லரின் பின்புறம் எழுத வேண்டும். பாலிசியில் டிரெய்லர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் ரூ.5 ஆயிரம். அப்படிப்பட்டவரிடம் சாவியைக் கொடுத்த ஓனருக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில். இரண்டுமே கூட விதிக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால் சுமை இன்னும் பெரிது. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி, அந்தப் பணத்தை ஓனரிடம் வசூலித்துக்கொள்ள கோர்ட்டு அனுமதிப்பது உண்டு. வீடு, நிலத்தை விற்றுக் கட்டும் நிலை கூட வரலாம்.

சாவியைக் கொடுக்கும் முன் லைசென்சை ஒரு தடவை வாங்கிப் பாருங்க!