ஒளிக்கு வழிவிடும், கதிரை மறிக்கும் கண்ணாடி

கடந்த வருடம் உம்மாவுக்குச் சீ.ரீ. ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. துணைக்கு நானும் வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். உம்மாவை மேசையில் படுக்கவைத்த சகோதரி, என்னை வெளியே வரச்சொல்லி, ஈயத்தகடு பொதிந்த கனத்த கதவைச் சாத்தினார். பிறகு பக்கத்து அறைக்குள் சென்று ஒரு கண்ணாடி யன்னலின் முன் அமர்ந்துகொண்டார்.

எனக்கு உடனே ஒரு சந்தேகம். கதவுக்கு ஈயம் வைத்திருக்கிறார்கள். ஆனால், இவருக்கு முன்னால் இருப்பது கண்ணாடிதானே? உம்மாவின் முகம் அதனூடாகத் தெளிவாகத் தெரிகிறதே! ஒளி வருகின்ற வழியால் கதிரும் வந்துவிடாதா? நாங்கள் இன்று ஒருநாள் வந்து போகிறோம். இந்தச் சகோதரி நாள்தோறும் அல்லவா இங்கே அமர்ந்திருக்கிறார்!

எல்லாம் முடிந்த பின் அவரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “தங்கச்சி, இது வீட்டு யன்னல் கண்ணாடி இல்ல. இதுக்குள்ளயும் ஈயம் இருக்கு” என்று சொல்லி, கண்ணாடியின் மூலையில் இருந்த சிறிய குறிப்பைக் காட்டினார். 2 மில்லிமீற்றர் ஈயத்துக்குச் சமமானது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அன்று தொடங்கிய தேடலின் விளைவே இக்கட்டுரை.

புனித அல்குர்ஆனின் அந்நம்ல் அத்தியாயத்தில் ஸபா நாட்டு அரசியின் வரலாறு வருகிறது. நபி ஸுலைமான் (அலை) அவர்களின் மாளிகையில் பளிங்குபோன்ற கண்ணாடித் தளத்தைக் கண்ட அரசி, அதைத் தண்ணீர் என்று எண்ணிவிட்டார். கண்ணாடி விடயத்தில் கண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. என் சந்தேகமும் அப்படிப்பட்டதுதான்.

ஒளியும் எக்ஸ் கதிரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் போட்டோன் என்னும் சக்திப் பொட்டலங்களாகவே வருகின்றன. வேறுபாடு சக்தியின் அளவில்தான். கண்ணாடியிலுள்ள இலத்திரன்கள் உறுதியாகப் பிணைக்கப்பட்டுள்ளன. அவற்றை மேல்நிலைக்கு உயர்த்துவதற்கு, கட்புலனாகும் ஒளியின் பொட்டலத்திடம் போதிய சக்தி இல்லை. ஆகவே ஒளி எவராலும் பிடிக்கப்படாமல் கடந்து போய்விடுகிறது. அதைத்தான் நாம் ‘ஒளி ஊடுபுகும் தன்மை’ என்கிறோம்.

ஸ்கேன் இயந்திரத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரின் பொட்டலமோ ஒளியின் பொட்டலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு சக்தி கொண்டது. அணுவின் கருவுக்கு அருகில் இறுகப் பிணைந்திருக்கும் இலத்திரனையே அது பெயர்த்து எறிந்துவிடும். அவ்வாறு பெயர்க்கும்போது பொட்டலம் தன் சக்தி முழுவதையும் இழந்து மறைந்துபோகிறது. இதுவே ஒளிமின் விளைவு. பாரமான அணுக்களில் இது மிக அதிகமாக நிகழும். அணுவெண் இரு மடங்கானால், ஓர் அணு கதிரைப் பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 16 மடங்காகும். ஒட்சிசனின் அணுவெண் 8. சிலிக்கனுடையது 14. ஈயத்தினுடையதோ 82! சாதாரண யன்னல் கண்ணாடி பெரும்பாலும் சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது. எக்ஸ் கதிருக்கு அது பெரிய தடையாகாது.

எனவே கண்ணாடியை உருக்கும்போதே அதில் ஈய ஒட்சைட்டைக் கலக்கிறார்கள். வைத்தியசாலைகளில் பயன்படும் ஈயக் கண்ணாடியின் நிறையில் பாதிக்கு மேல் ஈய ஒட்சைட்டுத்தான். சாதாரணக் கண்ணாடி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.5 மடங்கு அடர்த்தியானது. இதுவோ 4 முதல் 5 மடங்கு வரை அடர்த்தியானது. ஈயம் இங்கே உலோகமாக இல்லாமல் கண்ணாடியின் கட்டமைப்போடு ஒன்றிவிடுவதால் ஒளியை மறிப்பதில்லை. இலேசான மஞ்சள் சாயல் மட்டும் தெரியும். எட்டு மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள இத்தகைய கண்ணாடி, ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் ஈயத்தகடு செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. மூலையில் நான் கண்ட குறிப்பின் பொருள் அப்போதுதான் விளங்கியது.

இந்தப் பாதுகாப்பு மனிதருக்கு இலகுவில் கிடைத்ததல்ல. 1895 ஆம் ஆண்டு நவம்பரில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மறு வருடமே உலகெங்கும் அதைக் கொண்டு படம் எடுக்கத் தொடங்கிவிட்டனர். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் எலிசபெத் பிளைஷ்மன் என்ற பெண் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். 1898 ஆம் ஆண்டுப் போரில் காயமுற்ற படைவீரர்களின் உடலில் குண்டு தங்கிய இடங்களை அவர் எடுத்த படங்கள் காட்டிக்கொடுத்தன. ஆனால், அவருக்கு முன்னால் ஈயக் கண்ணாடி இருக்கவில்லை. கைகளில் தோன்றிய புண் புற்றுநோயாகி, 1905 இல் ஒரு கை முழுவதையும் வெட்டியெடுக்க நேர்ந்தது. அதே ஆண்டு அவர் மரணமானார். அவரைப் போன்ற பலரின் கைகளையும் உயிர்களையும் விலையாகக் கொடுத்தே இந்தப் பாடத்தை உலகம் கற்றது.

எக்ஸ் கதிரைவிட வலிமை மிக்கது காமாக் கதிர். அதற்குக் கண்ணாடியின் தடிப்பும் கூட வேண்டும். கோபாற்று 60 வெளிவிடும் காமாக் கதிரை ஏறத்தாழ 1.2 சென்ரிமீற்றர் ஈயம் அரைவாசியாகக் குறைக்கும். இன்னொரு 1.2 சென்ரிமீற்றர் வைத்தால் முழுவதும் நின்றுவிடாது; மிஞ்சியதில் அரைவாசி, அதாவது காற்பங்கு வரும். இப்படிப் பத்துத் தடவை பாதியாக்கினால் 1,024 இல் ஒரு பங்கே எஞ்சும். எனவே கதிரைப் ‘பூச்சியமாக்குவது’ என்று ஒன்றில்லை. தீங்கற்ற அளவுக்குக் குறைப்பதே நோக்கம். அணுக்கரு ஆய்வுகூடங்களில் கதிர்வீசும் பொருள்களை இயந்திரக் கைகளால் கையாளும் அறைகள் உண்டு. அவற்றின் யன்னல்கள் சில ஒரு மீற்றர் அளவு தடிப்பானவை. பல கண்ணாடிப் பாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒளி தெறித்து வீணாகாதபடி இடையில் தெளிந்த எண்ணெய் நிரப்புவார்கள்.

எனக்கு மிகவும் வியப்பளித்தது இனிச் சொல்லப்போவதுதான். நம்மைக் காக்கும் கண்ணாடியும் கதிரால் காயப்படுகிறது! கதிர் பெயர்த்த இலத்திரன்கள் கண்ணாடிக்குள் ஆங்காங்கே சிக்கிக்கொண்டு ஒளியை உறிஞ்சத் தொடங்கும். நாளடைவில் கண்ணாடி தேயிலைச் சாயம்போலப் பழுப்பாகி, பிறகு பார்க்கவே முடியாமல் போகும். சிறிதளவு சீரியம் ஒட்சைட்டு சேர்த்தால் சீரியம் அந்த இலத்திரன்களைத் தானே ஏற்று, பழுப்பு நிறம் தோன்றாமல் காக்கும். அதனால், கதிர் மிகையாகப் படும் பக்கத்தில் சீரியம் கலந்த கண்ணாடியையே வைப்பார்கள்.

எல்லாக் கதிருக்கும் ஈயமே மருந்து என்றும் எண்ணிவிடலாகாது. அணு உலையிலிருந்து வெளிவரும் நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. ஈயத்தின் பாரமான கருவில் மோதினாலும், சுவரில் எறிந்த பந்துபோல அது வேகம் குறையாமல் திரும்பிவிடும். தன்னளவே நிறையுள்ள ஐதரசன் கருவில் மோதும்போதுதான் அதன் வேகம் தணியும். வேகம் தணிந்த நியூத்திரனை விழுங்குவதற்குப் போரன் வேண்டும். போரன் காபைட்டு என்ற மிகக் கடினமான பீங்கான் வகைப் பொருள் அணு உலைகளில் இதற்காகவே பயன்படுகிறது. 1986 இல் செர்னோபில் உலை வெடித்தபோது, ஹெலிகொப்டர்களிலிருந்து ஏறத்தாழ 5,000 தொன் பொருள்களைக் கொட்டினார்கள். மணல், களிமண், ஈயம் ஆகியவற்றோடு போரன் சேர்வைகளும் அவற்றில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது.

கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் இன்னுமொரு பணி உண்டு. அணு உலைக் கழிவை உருகிய போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியுடன் கலந்து, ஏறத்தாழ 1,100 பாகை செல்சியசில் துருப்பிடிக்காத உருக்குக் கலன்களில் ஊற்றி உறையவைக்கிறார்கள். பிரான்சின் மார்க்கூலில் இத்தொழிற்சாலை 1978 இல் இயங்கத் தொடங்கியது. இங்கே கண்ணாடி செய்வது மறிக்கும் வேலையன்று. கதிர்வீசும் அணுக்கள் தண்ணீரில் கரைந்து வெளியேறாதபடி அவற்றைச் சிறைவைக்கும் வேலை. அதே 1970களின் இறுதியில் அவுஸ்திரேலிய விஞ்ஞானி ரிங்வுட், சிர்க்கோனொலைற்று முதலிய கனியங்களைக் கொண்ட ‘சின்றொக்’ என்ற செயற்கைப் பாறையை முன்வைத்தார். அது ஒரு பீங்கான் வகை.

இந்தப் பாறை ஆயிரமாயிரம் ஆண்டுகள் தாங்குமா? அதை ஆய்வுகூடத்தில் இருந்து பார்க்க எவருக்கும் ஆயுள் போதாது. எனவே விஞ்ஞானிகள் இயற்கையிடம் கேட்டார்கள். விடை தந்த கற்களுள் நம் இலங்கைக் கற்களும் இருந்தன! நம் நாட்டின் சிர்க்கோனொலைற்று ஏறத்தாழ 550 மில்லியன் ஆண்டுகள் பழமையானது. தனக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் வீசிய கதிரால் அதன் பளிங்குக் கட்டமைப்பு சிதைந்துவிட்டது. ஆயினும் அந்த அணுக்களை அது கைவிடவில்லை. இங்கே 1953 இல் ஏக்கநாயக்க என்பவர் கண்டெடுத்த பச்சைக் கல்லான ஏக்கனைற்றும், தன் கதிராலேயே கண்ணாடிபோல் மாறிவிட்ட ஒரு மாணிக்கக்கல். பேருவளையிலும் இரத்தினபுரியிலும் நம்மவர் கைமாற்றும் கற்களுக்குள் இப்படியும் ஒரு பாடம் பொதிந்திருக்கிறது.

ஈயம் நச்சுத்தன்மை வாய்ந்தது என்பதால், இன்று பிசுமது, பேரியம், தங்குதன் கலந்த கண்ணாடிகளையும் ஆராய்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கும் தோழிகளுக்கு இங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.

உம்மா இப்போது நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். நோயைக் காட்டித்தந்த அந்தக் கதிருக்கு நான் இனி அஞ்சவில்லை, அதை மதிக்கிறேன். நீங்களும் எக்ஸ்றே அறைக்குச் சென்றால் சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் திறக்காதீர்கள். உடன் வரும் ராத்தாவோ மாமியோ கர்ப்பிணியாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் சகோதரியைக் கண்டால் ஒரு ஸலாம் சொல்லுங்கள். அவருடைய கைகள் இன்று நலமாக இருப்பதற்கு, எலிசபெத் இழந்த கையும் ஒரு காரணம்.